மேற்குப் பக்கத்து வேலி

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். சுகமில்லை என்றாலும் எனக்கு எழுத மாட்டாய் என்பதால், சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் செத்த நாற்றுகளை எண்ணினேன். முகம்கூடக் கழுவவில்லை. அறுபது நட்டதில் நாற்பத்தொன்று போய்விட்டன. தக்காளி நாற்றுகள் யாரோ வரிசையாக மிதித்துப் போனதுபோலத் தரையோடு படுத்துக் கிடக்கின்றன. கத்தரி இலைகள் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டன. மிளகாயில் நாலைந்தை வேரோடு பிடுங்கிச் சுவர் மூலையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது காற்று.

மூன்று நாளாக மேற்கிலிருந்து அடித்தது. நாம் சின்னப் பெண்களாக இருந்தபோதும் அடித்த அதே காற்றுதான். அப்போது மேற்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வேலிச்செடி அடர்ந்து நின்றது. இப்போது அடித்தூர்கள் மட்டும் இருக்கின்றன. போன வருஷம் அம்மா படுக்கையில் கிடந்தபோது நீ வெட்டித் தள்ளியது. ஏன் என்று அம்மா போன மறுநாள் கேட்டேன். "பாம்பு வந்துச்சு" என்றாய். நாற்பது வருஷத்தில் வராத பாம்பு.

நமக்குள் பேச்சு என்ன என்பதை எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றாதே. செப்டம்பர் கடைசியில் நீ வந்து பார்ப்பாய். தோட்டத்தில் முப்பது செடி நின்றால் வீட்டை எனக்கு விட்டுத் தந்து கையெழுத்துப் போடுவாய். நிற்காவிட்டால், வீட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த மனிதருக்குக் கொடுக்க நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். "எதையாவது கடைசி வரைக்கும் கூட இருந்து பார்த்திருக்கியா நீ? முப்பது செடிய நிக்க வெச்சுக் காட்டு, அப்புறம் வீடு வேணும்னு கேளு" என்று வாசலில் நின்று சொன்னவள் நீ. பந்தயம் வைத்தவளே முன்கூட்டி வேலியையும் வெட்டியிருக்கிறாள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் இருவரும் கத்துகிறோம், அதனால்தான் கடிதம். நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது என்பது இதில் ஒரு வசதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


பிப்ரவரி 15

சின்னவளுக்கு,

இருவரும் நலம். என் முட்டி வலி பழையபடி இருக்கிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் நின்றுகொண்டே படித்தேன். உட்கார நேரமில்லை. எங்கள் வார்டில் இருபத்தெட்டுப் படுக்கை, ஆறு நர்ஸ், அதில் இரண்டு பேர் லீவு. நீ அறுபது நாற்றை வைத்துக்கொண்டு இவ்வளவு புலம்புகிறாய்.

வேலியைப் பற்றி இனி எழுதாதே. வெட்டினேன், முடிந்தது. அந்த ஆறு மாதம் அந்த வீட்டில் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது, நீ அங்கே இல்லை. "அடுத்த வாரம் வரேன்." நாலு தடவை சொன்னாய். எண்ணுவது உனக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை.

கொட்டகையில் பழைய தகரம் ஏழெட்டுக் கிடக்கும். நிமிர்த்தி நட்டு வை. ஒரு பொட்டு ஓட்டைகூட விடாதே. ஒரு பூனையைக்கூட வளர்த்தறியாதவள் நீ, நாற்றுக்கு எது அடைப்பு, எது பாதுகாப்பு என்று உனக்கு எங்கே தெரியப் போகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 4

மேட்ரன் அக்காவுக்கு,

முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? கேட்டாயிற்று.

உன் கடிதத்தில் மூன்று பிழைகள். திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். பதினெட்டு வருஷம் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சிவப்பு மை தீர்ந்துவிட்டதால் பச்சை.

தகரம் வைத்துவிட்டேன். எட்டுத் தகரம், மேற்குப் பக்கம் முழுவதும், ஓட்டை இல்லாமல். சமையலறை ஜன்னலில் வளர்த்திருந்த இன்னொரு அறுபது நாற்றை அதன் பின்னால் நட்டிருக்கிறேன். தகரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் கிடைக்கவில்லை. அம்மாவின் கட்டில் கால்களுக்கு அடியில் நான்கு மரக்கட்டைகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். கட்டிலை அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்து என்ன செய்தாய், அடியில் பெருக்க வசதிக்கா? உருவி எடுத்துத் தகரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டேன். கட்டில் இப்போது மனிதர்கள் படுக்கும் உயரத்தில் இருக்கிறது.

தகரத்தால் அந்த அறை இருட்டடித்துப் போனது. பரவாயில்லை. அந்த ஜன்னலில் தெரிவது பஸ் ஏறி வரும் ரோடு மட்டும்தான். காலையில் பதினொன்றுக்கு ஒன்று, மாலையில் ஐந்துக்கு ஒன்று. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 11

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை.

கட்டைகளை எடுத்த இடத்தில் வை.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் அதில் ஒட்டியிருந்த அஞ்சல் தலையைவிடச் சிறியதாக இருந்தது. நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கட்டைகளைத் திருப்பி வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும் என்று சொன்னால் வைப்பேன். "வை" என்றதும் வைக்க நான் உன் வார்டு ஆயா இல்லை.

உன் தகரத்தின் கதையைக் கேள். தகரத்தை ஒட்டி இருந்த வரிசை நன்றாக நின்றது. இரண்டடி தள்ளி இருந்தவை எல்லாம் முறுக்கிப் பிழிந்தாற்போல் கிடந்தன. காற்று மேற்கிலிருந்து அடிக்க, செடிகளோ மேற்கு நோக்கியே சாய்ந்திருந்தன. எனக்குப் புரியவில்லை. குச்சிகளில் தையல் நூலைக் கட்டி அங்கங்கே நட்டுவிட்டு அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். தகரத்தில் முட்டிய காற்று அதன் மேலேறிக் குதித்து, இந்தப் பக்கம் தலைகீழாக விழுந்து, சுழன்று, தகரத்தை நோக்கியே திரும்பி வருகிறது. வெறும் வெளியில் நேராக ஒரு அடி விழுந்தது என்றால், உன் சுவருக்குப் பின்னால் நாலு பக்கமும் விழுகிறது. மூன்றாம் நாள் இரண்டு தகரம் சரிந்து பதினோரு நாற்றை நசுக்கின. மீதி ஒன்பது. அவையும் இன்றோ நாளையோ.

நான் தோற்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். வேலியை நீ வெட்டினாய், தகரத்தை நீ வைக்கச் சொன்னாய். அம்மா கையால் வளர்த்த வேலி அது. அவள் கண் முன்னாலேயே, படுக்கையில் கிடந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டியிருக்கிறாய். கேட்கக்கூட அவளுக்குத் தெம்பிருந்திருக்காது. உன்னைப்போல் ஒருத்தியிடம் அவளை விட்டதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

வணக்கத்துடன் முடிக்க வேண்டும், முடிக்கிறேன்.

தங்கை


மே 20

சின்னவளுக்கு,

இருக்கிறேன்.

பார்சலில் காஸ் துணி நாற்பது ரோல் இருக்கிறது. காயத்துக்குக் கட்டுவது. தேதி முடிந்துவிட்டதால் வார்டில் கழித்துப் போட்டார்கள், ஸ்டோரில் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் நாற்றுகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டுக் கட்டுப் போடு. முறிந்த கைக்குப் போடுகிற மாதிரி. இறுக்கமாக. கட்டுப் போடுவதைப் பற்றியாவது எனக்குப் பாடம் எடுக்காதே.

ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் இல்லை.

அக்கா

(அடியில் வேறு கையெழுத்தில்: மச்சினிக்கு, அத்தான் எழுதுவது. இவள் உன் ஏப்ரல் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள். பச்சை மை அடித்ததைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் சொன்னதாகச் சொல்லாதே, எனக்கு இந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் சாப்பாடு வேண்டும்.)


ஜூன் 16

அக்காவுக்கு,

அத்தானுக்கு என் அன்பு. உனக்கு என்ன சொல்வது என்று யோசித்து எழுதுகிறேன்.

மூன்றாவது தடவையாக அறுபது நட்டேன். இனி விதை இல்லை, நாட்களும் இல்லை. இதுதான் கடைசி. நீ சொன்னபடி அறுபதுக்கும் கட்டுப் போட்டேன். நாள் முழுவதும் குனிந்து குனிந்து, இடுப்பு விட்டுப்போனது. தோட்டத்தைப் பார்த்தால் விபத்துக்குப் பிறகான உன் வார்டு மாதிரி இருந்தது. அறுபது வெள்ளைக் கட்டு. ஒன்று முனகியிருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

மூன்று வாரத்தில் செடிகள் உயர்ந்தன, ஆனால் தண்டு பருக்கவில்லை. ஆடாமல் அசையாமல் வளர்ந்த செடிக்குத் தண்டில் பலம் சேரவில்லை. கட்டுக்கு மேலே இருந்த பாகம் காற்றில் ஆட, கட்டின் விளிம்பிலேயே பட் பட்டென்று ஒடிந்தன. எல்லாம் ஒரே இடத்தில், அளந்து ஒடித்ததுபோல. இருபத்திரண்டு போனது. மீதி முப்பத்தெட்டின் கட்டுகளையும் இன்று காலை அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்ததும் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டன. நிற்கப் பழகாதவை.

நீ கை வைத்தது எதுவும் தானாக நிற்காது என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய். சொல்லவில்லை.

முட்டியைக் கவனி.

தங்கை


ஜூலை 8

அக்காவுக்கு,

நலமா என்று உண்மையாகவே கேட்கிறேன். ஐந்து கடிதங்களில் இதுதான் முதல் தடவையாக இருக்கலாம்.

ஒரு விஷயம். சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன், ஆனால் மறைத்து வைப்பது உன் பழக்கம், என்னுடையது இல்லை.

அவிழ்த்த காஸ் துணி எல்லாம் சேறாகிவிட்டது. அலசி மேற்குப் பக்கம் கயிறு கட்டிக் காயப்போட்டேன். ரோல் ரோலாக, நீள நீளமாக. அன்று காற்று பலமாகத்தான் இருந்தது. துணி படபடத்தது, ஆனால் அதன் பின்னால் இருந்த பாத்தியில் செடிகள் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன, அவ்வளவுதான். நூல் கட்டிய குச்சிகளைத் திரும்ப எடுத்து நட்டுப் பார்த்தேன். சுழலே இல்லை. அந்தத் துணிக்கு உடம்பெல்லாம் கண். பாதிக் காற்றை உள்ளே விட்டுவிடுகிறது. விட்டதனாலேயே மீதிப் பாதி குதித்து வந்து அடிப்பதில்லை.

தகரத்தை எல்லாம் எடுத்துவிட்டு, கம்பு நட்டு, இரண்டு மடிப்பாகத் துணியை இழுத்துக் கட்டிவிட்டேன். முப்பத்தெட்டில் நான்கு பிழைக்கவில்லை. முப்பத்து நான்கு நிற்கின்றன. தினமும் கொஞ்சம் கொஞ்சம் காற்று வாங்கித் தண்டு விரல் பருமனாகியிருக்கிறது.

நன்றி சொல்லப் போவதில்லை. நீ அனுப்பியது கட்டுப் போட.

தங்கை


ஜூலை 25

சின்னவளுக்கு,

நான் உண்மையாகவே நலம். முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டேன்.

எந்தத் துணி எதற்கு உதவும் என்று தெரியாமல் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள். காஸ் துணி மூச்சு விடும். அதனால்தான் அதைக் காயத்தின் மேல் போடுகிறோம். உனக்குப் புரிய ஒன்றரை மாதமும் அறுபது செடியும் தேவைப்பட்டிருக்கிறது.

முப்பத்து நான்கு என்று எழுதியிருக்கிறாய். நேரில் எண்ணுவேன். செப்டம்பர் 28, காலை பதினொரு மணி பஸ். வீட்டைக் கேட்கிறவர் மறுநாள் வருகிறார், பத்திரத்தோடு. முப்பதுக்கு ஒன்று குறைந்தாலும் பேச்சு பேச்சுதான். காய்ந்த குச்சியைச் செடி என்று காட்டாதே.

கட்டைகளை வைத்தாயா?

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

கட்டைகளைக் கட்டில் கால்களுக்கு அடியில் திருப்பி வைத்துவிட்டேன்.

கம்புகளைச் சரிபார்க்கத் தச்சர் வந்திருந்தார்.

தங்கை


செப்டம்பர் 17

சின்னவளுக்கு,

நலம்.

அந்தத் தச்சருக்கு வாய் நீளம். சொன்னதில் பாதியை நம்பாதே.

28 அன்று வருகிறேன். பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டாம், வழி எனக்குத் தெரியும்.

அக்கா


செப்டம்பர் 28, காலை எட்டு மணி

அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நீ இந்நேரம் பஸ்ஸில் இருப்பாய். முட்டியை நீட்ட இடம் கிடைக்காமல் முன் சீட்டுக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பாய்.

இன்று காலை எழுந்ததும் நான் செடிகளை எண்ணவில்லை. அம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்தேன்.

தச்சர் சொன்னதில் எந்தப் பாதியை நம்பக் கூடாது என்று நீ எழுதவில்லை. கொட்டகையோரம் கிடந்த கட்டையைப் பார்த்ததும் அவர் கையில் எடுத்துத் துடைத்தார். "இது நான் அறுத்துக் குடுத்ததும்மா, இதைப் போய் மண்ணுல போட்டு வெச்சிருக்கீங்களே" என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"உங்க அம்மாவுக்கு எந்திரிச்சு உக்கார முடியல இல்ல, படுத்தா ஜன்னல் கட்டைதான் கண்ணுக்கு நேரா வரும். கட்டில உசத்தணும்னு உங்க அக்கா கூப்பிட்டாங்க. எதுக்கும்மான்னேன். 'அவங்களுக்கு ரோடு தெரியணும்'னாங்க. சரின்னு உசத்திக் குடுத்தேன். உசத்தினா, ரோடு எங்க தெரியுது? வேலிதான் தெரியுது. ஆள் விட்டு வெட்டலாம், மத்தியானம் வருவான்னேன். மத்தியானம் வரைக்கும் யாரு பொறுத்தாங்க? அருவாள எடுத்துக்கிட்டு அவங்களே இறங்கிட்டாங்க. கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பதினோரு மணி பஸ்ஸுக்கும் அஞ்சு மணி பஸ்ஸுக்கும் அம்மா முகத்தத் துடைச்சு, தலை வாரி, தலையணைய முதுகுக்குக் குடுத்துத் திருப்பி விடுவாங்க. பஸ் நிக்கும், போயிடும். 'இன்னிக்கு இல்ல, அடுத்த வாரம் வரேன்னிருக்கா'ம்பாங்க. நானே ரெண்டு தடவ கேட்டிருக்கேன். யாரும்மா வரணும், நீங்களா?"

தெரியாது என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கம்பைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த நான்கு வாரத்தில் முதல் இரண்டும் வேலைதான், அது பொய்யில்லை. மூன்றாம் வாரம் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. துணிகளை அடுக்கிப் பையைக் கதவருகில் வைத்தேன். பத்து நாள் அந்தப் பையைத் தாண்டித் தாண்டிக் கடைக்குப் போய்வந்தேன். அம்மா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்துவிடுவாளோ என்று பயந்ததாக இதுவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடையாளம் தெரிந்து பார்ப்பாளே என்றுதான் பயந்தேன்.

பாம்பு என்று நீ சொன்னது என்னைக் காப்பாற்றவா, இல்லை என்றைக்காவது அடிக்க எடுத்து வைத்துக்கொண்டாயா? இரண்டும் இருக்கும். உன்னை எனக்குத் தெரியும். உன்மேல் கோபம் போய்விட்டது என்றும் நினைக்காதே. ஒரு வார்த்தை, "அவ உனக்காக ரோட்டையே பார்த்துக்கிட்டு இருக்கா" என்று போனில் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் அந்தப் பையைத் தூக்கியிருப்பேன். தூக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ கேட்கவில்லை. கெஞ்ச மாட்டாய். அருவாளை எடுப்பாய்.

கட்டிலில் படுத்துப் பார்த்தேன். கட்டைகள் திரும்ப அடியில் இருப்பதால் கண் சரியாக ஜன்னலின் நடுவுக்கு வருகிறது. ஆனால் ரோடு தெரியவில்லை. வெள்ளையாகக் காஸ் துணி, இரண்டு மடிப்பு. வெளிச்சம் மட்டும் வருகிறது.

ஜன்னலுக்கு நேரே துணியின் பின்னால் ஏழு செடிகள் இருக்கின்றன. நான்கு தக்காளி, மூன்று கத்தரி. எல்லாவற்றிலும் காய் பிடித்துத் தலை கனத்திருக்கிறது. நேற்றிலிருந்து காற்று மறுபடி எழுந்திருக்கிறது. துணி அடைப்பின் நடுவில் ஒரு இடத்தை மட்டும் திறந்துவிட்டால் காற்று அத்தனையும் அந்த வழியாகத்தான் பிதுங்கி வரும். நூல் குச்சி வைத்துப் பார்க்காமலே இப்போது எனக்கு அது தெரியும். முப்பத்து நான்கில் ஏழு போனால் இருபத்தேழு. தண்டு பருத்திருக்கிறது, ஒருவேளை நிற்கலாம். நிற்காமலும் போகலாம். நீ ஒன்று குறைந்தாலும் விட மாட்டாய், நானும் விடச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

கத்தரிக்கோலைத் தேடி எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன். இந்தக் காகிதத்தை மடித்து வைத்ததும் வெளியே போய், அந்த ஒரு ஜன்னல் அகலத்துக்குத் துணியை வெட்டி எடுக்கப் போகிறேன். பிறகு முகம் கழுவி, தலை வாரி, கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்காரப் போகிறேன். பதினோரு மணி பஸ் வரும்வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு.